உடனடிச் செய்தி நெறிமுறைகள்: தனியுரிமம், திறப்பு, பாதுகாப்பு

கைபேசியில் ஓர் உடனடிச் செய்திச் செயலியைத் திறந்தால் திரையில் தெரிவது அதன் முகம் மட்டுமே. செய்தி எந்த வடிவில் பொதியப்படுகிறது, எந்த வழங்கிக்குப் போகிறது, அனுப்பியவர் இன்னார்தான் என்பது எப்படி உறுதியாகிறது, செய்தி பூட்டப்படுகிறதா, பூட்டினால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் வகுத்துச் சொல்லும் விதித்தொகுப்புக்கு நெறிமுறை என்று பெயர். ஒரு நிறுவனம் இந்த விதிகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தன் செயலி தன் வழங்கியோடு மட்டுமே பேசும்படி அமைத்தால் அது தனியுரிம நெறிமுறை. விதிகளை வெளியிட்டு, விரும்பும் எவரும் அவற்றுக்கேற்பச் செயலியோ வழங்கியோ எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அது திறந்த நெறிமுறை.

மின்னஞ்சல் திறந்த நெறிமுறையில் ஓடுகிறது. அதனால்தான் ஜிமெயில் முகவரியிலிருந்து யாஹூவுக்கும், ஒரு கல்லூரி தானே நடத்தும் வழங்கிக்கும் கடிதம் போய்ச் சேர்கிறது. வாட்சப்பிலிருந்து டெலிகிராமுக்கு இப்படி எதுவும் போகாது. இரண்டு செயலிகளும் ஒரே கைபேசியில் அருகருகே இருந்தாலும் ஒன்றுக்கொன்று அந்நியம்தான்.

இது பொறியாளர்களுக்கு மட்டுமான விவகாரமாகத் தோன்றலாம், ஆனால் அப்படியல்ல. சென்னையின் மேற்குப் புறநகரில் திருமுல்லைவாயிலில் சிட்கோவின் மகளிர் தொழிற்பேட்டை இருக்கிறது. ரயிலில் சற்றுத் தொலைவு போனால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. இத்தகைய இடத்தில் ஒரு சிறு லேத் பட்டறை வாடிக்கையாளரின் டிராயிங், விலைப்புள்ளி, டெலிவரி சலானின் படம், வங்கிக் கணக்கு விவரம் என எல்லாவற்றையும் ஒரே அரட்டைச் செயலி வழியாகவே அனுப்புகிறது. அந்தச் செயலியின் நெறிமுறையை வகுத்த நிறுவனம் நாளை விதியை மாற்றினாலும், கட்டணம் கேட்டாலும், கணக்கை முடக்கினாலும் பட்டறைக்காரர் வேறு செயலிக்கு எளிதில் மாறிவிட முடியாது. அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் பழைய இடத்திலேயே இருப்பார்கள்.

அரட்டை செயலியும் ஓர் அறிவிப்பும்

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது ஸோகோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலி. 2021 ஜனவரியில், வாட்சப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்துச் சர்ச்சை எழுந்த அதே நாட்களில், அரட்டை வெளிவந்தது. பிறகு நான்கு ஆண்டுகளுக்கு மேல் அதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. 2025 செப்டம்பர் இறுதியில் உள்நாட்டு மென்பொருளைப் பயன்படுத்துங்கள் என்று ஒன்றிய அமைச்சர்கள் பேசியபோது நிலைமை தலைகீழானது. நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்று நாட்களில் 3,50,000 ஆயின என்று நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார்.

கூட்டம் வந்ததும் கேள்விகளும் வந்தன. அப்போது அரட்டையில் குரல், காணொளி அழைப்புகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது. சாதாரண எழுத்துச் செய்திகளுக்கு அது இயல்பாக இருக்கவில்லை. அதாவது, செய்தி கைபேசியிலிருந்து வழங்கி வரை பாதுகாப்பான குழாயில் சென்றாலும், வழங்கியில் அதைத் திறந்து படிக்கும் ஆற்றல் நிறுவனத்துக்கு இருந்தது. இதே வசதியை வாட்சப் 2016 ஏப்ரலிலேயே எல்லா உரையாடல்களுக்கும் கொடுத்துவிட்டிருந்தது. விமர்சனம் எழுந்த பின் இருவர் உரையாடல்களுக்கான மறையாக்கம் அந்த ஆண்டு முடிவதற்குள் அரட்டையில் வரத் தொடங்கியது.

மறையாக்கச் சர்ச்சையின் இரைச்சலில் வேம்புவின் இன்னோர் அறிவிப்பு பாதி அமுங்கிப்போனது. செய்தி நெறிமுறைகளைத் தரப்படுத்தி வெளியிடுவது குறித்து ஐஸ்பிரிட் அமைப்பின் சரத் சர்மாவோடு பேசத் தொடங்கியிருப்பதாகவும், இத்தகைய அமைப்புகள் வாட்சப்பைப் போல மூடியிருக்காமல் யுபிஐ, மின்னஞ்சல் போல ஒன்றோடொன்று இயங்க வேண்டும் என்றும் அவர் சொல்லியிருந்தார். மறையாக்கத்தைவிட நீண்டகால விளைவு உள்ள அறிவிப்பு இதுதான்.

ஆனால் யுபிஐயும் மின்னஞ்சலும் ஒரே மாதிரியானவை அல்ல. யுபிஐயில் எந்த வங்கிச் செயலியிலிருந்தும் எந்த வங்கிக்கும் பணம் போகும் என்பது உண்மை. ஆனால் நடுவில் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிற்கிறது. அதன் அனுமதி இல்லாமல் எவரும் உள்ளே வர முடியாது. ஒவ்வொரு பரிமாற்றமும் அதன் இணைப்பகம் வழியாகவே கடக்கிறது. மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு நடு இல்லை. ஒரு டொமைனும் ஒரு கணினியும் இருந்தால் யாரும் வழங்கி தொடங்கலாம். பணத்துக்கு மையக் கண்காணிப்பு தேவை என்று வாதிடலாம். இருவரின் சொந்தப் பேச்சுக்கு அதே அமைப்பு வந்தால், யார் யாரோடு எப்போது பேசினார் என்ற முழுப் பட்டியலும் ஓரிடத்தில் குவியும். ஆகவே ‘யுபிஐ போல’ என்பதற்கும் ‘மின்னஞ்சல் போல’ என்பதற்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

திறந்தது என்றால் பாதுகாப்பானதா?

இல்லை. மாணவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இது. நெறிமுறை வெளியிடப்பட்டிருக்கிறதா, செயலியின் மூலநிரல் வெளியிடப்பட்டிருக்கிறதா, வேறு வழங்கிகள் அந்த வலையில் சேர முடியுமா, செய்தி முனைக்கு முனை பூட்டப்படுகிறதா என்பவை நான்கு தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மற்றவற்றுக்கும் ‘ஆம்’ என்று ஆகிவிடாது.

சிக்னல் செயலியின் மறையாக்க நெறிமுறையும் மூலநிரலும் வெளிப்படையானவை; பாதுகாப்பில் அதுவே அளவுகோலாகக் கருதப்படுகிறது. ஆனால் வேறொருவர் தன் வழங்கியை அந்த வலையில் இணைக்க முடியாது. வாட்சப் அதே சிக்னல் நெறிமுறையைக் கொண்டே செய்திகளைப் பூட்டுகிறது. அந்தக் கணிதம் உலகறிந்தது. ஆனால் அதை நிறைவேற்றும் செயலியின் மூலநிரல் மூடியது. டெலிகிராமில் செயலியின் நிரல் திறந்தது, வழங்கியின் நிரல் மூடியது. அதன் சாதாரண உரையாடல்கள் முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை. ‘ரகசிய அரட்டை’ என்பதைத் தனியே தேர்ந்தெடுத்தால்தான் உண்டு. ஜாபர் என்று தொடங்கிய எக்ஸ்எம்பிபி முழுக்கத் திறந்த நெறிமுறை. ஆனால் 2015இல் வந்த ஒமிமோ என்ற நீட்சியை இயக்காவிட்டால் வழங்கி நடத்துபவர் செய்திகளைப் படித்துவிட முடியும்.

அப்படியானால் திறப்பினால் பாதுகாப்புக்கு என்ன பயன்? ஒகுஸ்த் கெர்க்ஹாஃப்ஸ் 1883இல் இராணுவ மறையெழுத்தைப் பற்றி எழுதியபோது ஒரு விதியை முன்வைத்தார். பூட்டின் அமைப்பு முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி கையில் இல்லாதவரை அது திறக்கக்கூடாது. பொறி எங்கே என்பதை மறைத்துவைத்துத் தப்பிக்கும் பூட்டு, அந்த ரகசியம் வெளியான அன்றே பயனற்றதாகிறது. நல்ல பூட்டை நடுத்தெருவில் பிரித்துக் காட்டலாம். வெளியிடப்பட்ட நெறிமுறையைப் பல்கலைக்கழகங்களும் போட்டியாளர்களும் உடைத்துப் பார்க்கிறார்கள், ஓட்டைகள் முன்கூட்டியே வெளியே வருகின்றன. மூடிய நெறிமுறையில் பயனருக்குக் கிடைப்பது நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே.

வாக்குறுதியின் மதிப்பை இந்தியா ஒருமுறை பார்த்திருக்கிறது. ஒரு காலத்தில் அதிகாரிகள், தொழிலதிபர்கள் கைகளில் பிளாக்பெர்ரிதான் பாதுகாப்பின் அடையாளமாக இருந்தது. ஆனால் சாதாரணப் பயனர்களின் பிளாக்பெர்ரி மெசஞ்சர் செய்திகள் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரே சாவியால் பூட்டப்பட்டிருந்தன. வீட்டுக்கு வீடு ஒரே சாவி போட்ட குடியிருப்பைப் போன்றது அது. 2010 ஆகஸ்டில் இந்திய அரசு சேவையைத் தடைசெய்யப்போவதாக எச்சரித்தது. நீண்ட பேச்சுக்குப் பின் அந்நிறுவனம் மும்பையில் வழங்கி அமைத்துச் சட்டப்பூர்வ இடைமறிப்புக்கு வழிசெய்தது. நடுவில் இருப்பவரிடம் சாவி இருந்தால், கேட்பவர் யாராவது வருவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

திறந்து, பிறகு மூடியவர்கள்

ஜெரமி மில்லர் 1999 ஜனவரியில் ஜாபரை அறிவித்தார். 2004இல் இணையப் பொறியியல் பணிக்குழு அதை எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் தரமாக்கியது. 2005இல் வந்த கூகுள் டாக் இதே நெறிமுறையில் அமைந்தது, அடுத்த ஆண்டு பிற வழங்கிகளோடும் பேசத் தொடங்கியது. ஒரு சிறு கல்லூரியின் ஜாபர் வழங்கியிலிருந்து ஜிமெயில் பயனருக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப முடிந்த காலம் அது. 2013இல் ஹேங்அவுட்ஸ் வந்ததும் கூகுள் அந்த வழியைக் கைவிட்டது. பேஸ்புக்கும் தன் அரட்டைக்கு எக்ஸ்எம்பிபி வாசல் ஒன்றைச் சில ஆண்டுகள் திறந்துவைத்து மூடியது.

வாட்சப்பின் கதை இன்னும் விசித்திரமானது. 2009இல் தொடங்கிய அது, திறந்த மென்பொருளான ஈஜாபர்டு வழங்கியையும், எக்ஸ்எம்பிபியின் மாற்றியமைத்த வடிவத்தையும் அடித்தளமாகக் கொண்டே வளர்ந்தது. உள்ளே திறந்த நெறிமுறையின் எலும்புக்கூடு, வெளியே மூடிய வாசல். 2012 வரை அதன் செய்திகள் மறையாக்கமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. பொது வைஃபையில் அமர்ந்திருந்த எவரும் படித்திருக்கலாம். 2014இல் பேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு அதை வாங்குவதாக அறிவித்தபோது அந்த விலையில் பெரும்பங்கு நிரலுக்காக அல்ல, வெளியேற முடியாத பயனர் கூட்டத்துக்காக என்று சொன்னால் மிகையில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு

செய்தி நெறிமுறையின் உள்ளமைப்பே நீதிமன்ற விவாதமான அரிய நிகழ்வு சென்னையில் நடந்தது. 2018இல் இணையவழி அவதூறு, துன்புறுத்தல்களைத் தடுக்க, சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் போன்ற அரசு அடையாளத்தோடு இணைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுக்கள் தாக்கலாயின. ஆதார் கோரிக்கை மெல்லப் பின்னுக்குப் போக, வழக்கு வேறொரு கேள்வியில் வந்து நின்றது. வாட்சப்பில் பரவும் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று, மறையாக்கத்தை உடைக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி. ஒவ்வொரு செய்தியோடும் முதல் அனுப்புநரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம். அதை எல்லோரும் பார்க்கும்படி வைக்கலாம், அல்லது மறையாக்கி, தேவைப்படும்போது நிறுவனம் மட்டும் திறக்கும்படி வைக்கலாம் என்பது 2019இல் அவர் முன்வைத்த யோசனை. வழக்கில் தலையிட்ட இணையச் சுதந்திர அறக்கட்டளை தரப்பில் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுப்பு அளித்தார். மாற்றியமைத்த செயலியைக் கொண்டு அந்த அடையாளத்தைப் போலியாக்கிவிடலாம், உண்மைக் குற்றவாளி தப்பி அப்பாவி மாட்டிக்கொள்வார் என்பது அவர் தரப்பு வாதத்தின் மையம். வேறு இடத்தில் கண்ட செய்தியை நல்லெண்ணத்தில் முதலில் ஒட்டியவரும் ‘தோற்றுவித்தவர்’ ஆகிவிடுவார் என்ற சிக்கலும் இருந்தது.

இரு தரப்பும் கணினி அறிவியலாளர்கள். கணக்கில் அல்ல, எதை இழப்பாகக் கருதுவது என்பதில்தான் அவர்கள் வேறுபட்டார்கள். வதந்தியால் கும்பல் கொலைகள் நடந்த ஆண்டுகள் அவை. காவல்துறையின் தவிப்பு பொய்யல்ல. ஆனால் தோற்றுவித்தவரைக் கண்டறியும் ஏற்பாடு வதந்தி பரப்புபவருக்கு மட்டும் தனியாக இயங்காது. எல்லோருடைய எல்லாச் செய்திகளிலும் அந்த முத்திரை முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொல்லியிருந்ததால், வாதத்துக்கு அரசமைப்பு எடையும் கூடியது.

பேஸ்புக் நிறுவனத்தின் மனுவின் பேரில் வழக்கு 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. ஆனால் யோசனை அதோடு ஓயவில்லை. 2021 பிப்ரவரி 25 அன்று வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகளின் 4(2) பிரிவு, இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பதிவுபெற்ற பயனர்களைக் கொண்ட, முதன்மையாகச் செய்தி அனுப்பும் சேவைகள், உத்தரவு வந்தால் முதல் தோற்றுவித்தவரை அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது. வாட்சப் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் வாட்சப் வெளியேறிவிடும் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் அங்கே சொன்னார்.

இதில் நெறிமுறை வகையின் பங்கு என்ன? தனியுரிம வலையில் ஒரே நிறுவனத்துக்கு உத்தரவிட்டால், அடுத்த புதுப்பிப்பில் கோடிக்கணக்கான கைபேசிகளில் விதி மாறிவிடும். திறந்த வலையில் உத்தரவிட ஒரே வாசல் கிடையாது. அதற்காக அரசு கைகட்டி நிற்காது என்பதும் உண்மை. 2023 மே மாதத்தில் பாதுகாப்புக் காரணம் காட்டி 14 செயலிகள் தடைசெய்யப்பட்டதாகச் செய்தி வந்தபோது, பட்டியலில் திறந்த மூலச் செயலிகளான எலிமென்ட், பிரையர் இரண்டும் இருந்தன. பிரையருக்கு மைய வழங்கியே கிடையாது. இணையம் இல்லாவிட்டால் புளூடூத், வைஃபை வழியாகக் கருவியிலிருந்து கருவிக்குப் போகும். தடையை எதிர்த்துக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினர்.

பூட்டுக்கு வெளியே

எந்த நெறிமுறையானாலும், முனைக்கு முனை மறையாக்கம் காப்பது செய்தியின் உள்ளடக்கத்தை மட்டுமே. உறைமேல் எழுதியிருக்கும் முகவரி நடுவில் இருப்பவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். யார், யாருக்கு, எந்த நேரத்தில், எத்தனை முறை, எந்த இணைய முகவரியிலிருந்து என்ற இந்த விவரங்களுக்கு மேல்நிலைத் தரவு என்று பெயர். திருமுல்லைவாயில் பட்டறைக்காரர் ஒரு வங்கிக் கடன் முகவரோடும், பிறகு ஒரு வழக்கறிஞரோடும், பிறகு இயந்திரத் தரகரோடும் ஒரே வாரத்தில் அடிக்கடி பேசினால், ஒரு வரியும் படிக்காமலே நிலைமையை ஊகிக்கலாம். சிக்னல் இதில் கடுமையானது. 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணைக்கு அதனால் கொடுக்க முடிந்தவை இரண்டே விவரங்கள்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். மற்றவற்றை அது சேமித்திருக்கவே இல்லை.

காப்புநகல் அடுத்த ஓட்டை. வாட்சப் செய்திகள் வழியில் பூட்டப்பட்டிருந்தாலும், கூகுள் டிரைவிலும் ஐகிளவுடிலும் ஏறிய காப்புநகல்கள் நெடுங்காலம் அந்தப் பூட்டு இல்லாமலே இருந்தன. 2021 அக்டோபரில்தான் காப்புநகலுக்கும் மறையாக்க வசதி வந்தது, அதையும் பயனர்தான் அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டும். பலர் இன்னும் இயக்கவில்லை என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

கைபேசியே கைப்பற்றப்பட்டால் நெறிமுறையால் ஒன்றும் செய்ய முடியாது. 2019இல் வாட்சப்பின் அழைப்பு வசதியிலிருந்த ஒரு பிழை வழியாக, இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள் உலகெங்கும் சுமார் 1,400 பேரின் கைபேசிகளைக் குறிவைத்தது. அழைப்பை எடுக்க வேண்டிய தேவைகூட இல்லை. அவர்களில் இந்தியப் பத்திரிகையாளர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் இருந்தனர். சிக்னல் நெறிமுறையின் கணிதம் அப்போதும் உடையவில்லை. பூட்டைத் தொடாமல் சுவரைத் துளைத்து உள்ளே போனார்கள்.

திறந்த நெறிமுறைகளின் சொந்தக் குறைகளையும் சொல்லியாக வேண்டும். 2014இல் தொடங்கிய மேட்ரிக்ஸ் நெறிமுறையை அடிப்படையாகக் கொண்டு பிரெஞ்சு அரசு 2019 ஏப்ரலில் தன் ஊழியர்களுக்காக ‘சாப்’ என்ற செயலியை வெளியிட்டது. அரசு மின்னஞ்சல் இல்லாதவர் உள்ளே வர முடியாது என்பது ஏற்பாடு. வெளியான உடனேயே ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் மின்னஞ்சல் முகவரியைச் சற்றுத் திரித்து எழுதி உள்ளே நுழைந்துகாட்டினார். ஓட்டை விரைவில் அடைக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் மேட்ரிக்ஸின் மறையாக்கத்தில் ஆய்வாளர்கள் பல பிழைகளைக் கண்டு வெளியிட்டனர். பிழை இருந்தது கவலைக்குரியது. வெளியாட்கள் அதைக் காண முடிந்தது அமைப்பின் பலம்.

வேகமும் ஒரு சிக்கல். நூறு பேர் நூறு வழங்கிகளை நடத்தும் வலையில் புதிய பாதுகாப்பு வசதி எல்லோரையும் சென்றடைய ஆண்டுகள் ஆகும். எக்ஸ்எம்பிபியில் ஒரு செயலி ஒமிமோவை ஆதரிக்க, மறுமுனைச் செயலி ஆதரிக்காமல் போவது பழக்கமான எரிச்சல். சிக்னலை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக் தன் வலையைப் பிறருக்குத் திறக்க மறுத்ததற்குச் சொன்ன காரணமும் இதுதான். வாட்சப் 2016இல் ஒரே மூச்சில் நூறு கோடிப் பேருக்கு மறையாக்கம் கொடுத்தது மையக் கட்டுப்பாட்டினால்தான். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மேலும், தன்னார்வலர் நடத்தும் வழங்கி ஒருநாள் செலவு தாங்காமல் நின்றுபோகலாம்.

இணைந்து இயங்க என்ன வேண்டும்

ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தின் வழியே முயல்கிறது. அதன் எண்ணிமச் சந்தைகள் சட்டப்படி, 2024 மார்ச் முதல் பெரும் செய்திச் சேவைகள், கோரும் சிறு சேவைகளோடு இணைந்து இயங்க வேண்டும், மறையாக்கத்தின் தரமும் குறையக்கூடாது. இந்தியாவில் அப்படியொரு கட்டாயம் இல்லை. தொழில்நுட்பத் தரப்பில் 2023 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 9420 என்ற எண்ணோடு எம்.எல்.எஸ். என்ற தரம் வெளிவந்தது. குழு உரையாடல்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பிரிந்தாலும் சாவிகளைத் திறம்பட மாற்றிக்கொள்ளும் முறையை அது வகுக்கிறது.

கடினமான கேள்வி சாவி அடைவு. அரட்டை பயனர் ஒருவர் வேறொரு சேவையில் இருப்பவருக்குச் செய்தி அனுப்பினால், அந்த எண்ணுக்குரிய பொதுச்சாவி இதுதான் என்று யார் சான்று தருவது? தவறான சாவியைக் கொடுப்பவர் நடுவில் அமர்ந்து இருபுறமும் படித்துவிடலாம். வாட்சப்பிலும் சிக்னலிலும் இதற்காகத்தான் 60 இலக்கப் பாதுகாப்பு எண் இருக்கிறது. இருவரும் நேரில் சந்திக்கும்போதோ குரல் அழைப்பிலோ அதை ஒப்பிட்டால் நடுவில் ஆள் இல்லை என்று உறுதியாகும். பணமோ டிராயிங்கோ கைமாறும் தொடர்புகளுக்கு இந்த ஒப்பீட்டுக்கு இரண்டு நிமிடம் போதும். ‘பாதுகாப்பு எண் மாறிவிட்டது’ என்ற அறிவிப்பு வந்தபின் வங்கிக் கணக்கு மாறியதாகச் செய்தி வந்தால், பணம் அனுப்புமுன் அழைத்துக் கேட்பது நல்லது.

ஒரு நெறிமுறை திறக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டால் பார்க்க வேண்டியவை சில. விவரக்குறிப்பு ஆவணம் அனுமதி கேட்காமல் தரவிறக்கக் கிடைக்கிறதா. அதை மட்டும் வைத்துக்கொண்டு வெளியாள் ஒருவர் இயங்கும் செயலியை எழுத முடிகிறதா. விதியை மாற்றும் அதிகாரம் ஒரே நிறுவனத்திடமா, பலர் அமரும் குழுவிடமா. வேறு வழங்கி சேர யாருடைய கையெழுத்து வேண்டும். கூகுள் டாக் கடைசி இரண்டில்தான் சறுக்கியது. நெறிமுறை திறந்தே இருந்தது, ஆனால் பயனர்களில் பெரும்பகுதி ஒரே வழங்கியில் இருந்தார்கள், அந்த வழங்கி கதவைச் சாத்தியபோது வெளியே நின்றவர்களிடம் ஆவணம் மட்டுமே மிஞ்சியது.